பன்னிரண்டில் வந்துவிட்டது வண்டி

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் 20, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? தங்கச்சி, பிள்ளைகள் சௌக்கியமா? இங்கே எல்லோரும் சுகம். பாப்பா கல்யாணத்துக்கு வரமுடியாமல் போனதிலிருந்து உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் கை கூசுகிறது. அப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. திட்டுவதென்றால் திட்டு, ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. போன் போட்டிருக்கலாம்தான். நீ பாதியில் குறுக்கே புகுந்து மீதிக் கதையை நீயே சொல்லி முடித்துவிடுவாய். இதை நான் வரிசையாகச் சொல்லியாக வேண்டும்.

நேற்று சாயங்காலம் டிராக் ரேஸில், நின்ற இடத்திலிருந்து கிளம்பி, என் டஸ்டர் கால் மைலை 12.79 நொடியில் ஓடியது.

மறுபடி படி. 12.79. நேரம் அச்சடித்த சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். (உன் மச்சானிடம் மட்டும் மறுபடி விளக்கிவிடு, இது ரெனோ டஸ்டர் இல்லை, 1971 பிளிமத் டஸ்டர் என்று. போன தடவை போட்டோவைப் பார்த்துவிட்டு அவன் கேட்ட கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.)

வண்டியை வாங்கியபோது உனக்கு எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். 340 கன அங்குல வி8, நம் கணக்கில் சுமார் 5.6 லிட்டர். அம்பாசடர் எஞ்சின் மூன்றே முக்காலை அதற்குள் அடைக்கலாம். கம்பெனி அன்றைக்குச் சொன்ன குதிரைசக்தி 275. புதிதாக இருந்த காலத்தில் பதினான்கு நொடிக் கணக்கில் ஓடிய வண்டி. நான் அலுமினிய இன்டேக், ஹெடர்ஸ், பெரிய கார்புரேட்டர் எல்லாம் போட்டு 13.41 வரை கொண்டுவந்தேன். அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வருஷம், மாப்பிள்ளை! சனிக்கிழமை தோறும் போவது, 13.4 என்று சீட்டு வாங்கி வருவது. வீட்டில் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் ஒரு கடையில் என் தலையில் ஒரு கேம்ஷாஃப்ட்டைக் கட்டினார்கள், எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு. வால்வு திறந்திருக்கும் அளவு 292 டிகிரி. ஐடிலில் நிற்கும்போது வண்டி முழுக்கக் குலுங்கும், கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும். கொண்டுபோய் ஓட்டினேன். 13.52! எவ்வளவு பணம், எத்தனை ராத்திரி! வண்டி முன்னைவிட மெதுவாகிவிட்டது. அன்றைக்கு இரவு திரும்பி வரும்போது விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். எழுதாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னைக் காப்பாற்றியது அங்கே வருகிற ஒரு பெரியவர். எழுபது தாண்டியிருக்கும், பழைய டாட்ஜ் டார்ட் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு சின்னக் கூண்டில் சீட்டு கொடுப்பார்கள். 60 அடி, 330, 660, 1000, கடைசியில் 1320 அடி என்று ஒவ்வொரு இடத்தையும் எத்தனை நொடியில் தாண்டினோம் என்று அதில் இருக்கும், கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம் என்பதும் இருக்கும். பெரியவர் என் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பானட் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் கடைசி வரியைக் காட்டினார். 104 மைல் வேகம் 107 ஆகியிருந்தது. எஞ்சின் பலம் கூடியிருக்கிறது, அதில் பொய் இல்லை. பிறகு கிரீஸ் ஏறிய கட்டைவிரலால் சீட்டின் கீழ்ப்பாதியை மூடிவிட்டு 60 அடி வரியை மட்டும் பார்க்கச் சொன்னார். 2.24 நொடி. இந்த எடைக்கு 107 மைல் காட்டுகிற எஞ்சின் பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்காலில் ஓட வேண்டும், உன் ஒரு நொடியை முதல் அறுபது அடியிலேயே தொலைத்துவிட்டு மீதி 1260 அடியில் தேடிக்கொண்டிருக்கிறாய் என்றார்.

அப்போது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் சொல். ஆர்.எக்ஸ். 100-க்கு நான் பெரிய கார்புரேட்டர் ஜெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, கணபதி லேத்துப் பட்டறையில் நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாயே, "பின் ஸ்ப்ராக்கெட்டில் ரெண்டு பல் கூட்டு, கார்புரேட்டரை அப்புறம் பாத்துக்கலாம்" என்று. அதே பேச்சு! முப்பது வருஷத்துக்கு முன்னால் நீ ஓசியில் சொன்னதை இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டிக் கற்றுக்கொண்டேன். குட்டை வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

கணக்கு உனக்குப் பிடிக்கும், சொல்கிறேன். வண்டியில் இருந்த கிரவுன் பினியன், அதாவது பின் அச்சின் பல்சக்கர விகிதம், 3.23. 27 அங்குல டயரில் 107 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 4300 சுற்றுதான் சுற்றும். அந்தக் கேம்ஷாஃப்ட்டோ ஐயாயிரத்தைத் தாண்டித்தான் முழு மூச்சில் வேலை செய்யும். ஆக, வண்டி தன் பலத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே கோடு வந்துவிடுகிறது. கிளம்பும்போது நிலைமை இன்னும் மோசம். பெரிய கேம் அடிச்சுற்றில் சோம்பேறி. எஞ்சினை கியர்பாக்ஸோடு இணைக்கிற பழைய டார்க் கன்வெர்ட்டர் இரண்டாயிரம் சுற்றிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நகரும்.

அந்தக் குளிர்காலத்தில் 3.91 பினியன் போட்டேன், மூவாயிரத்தில் பிடிக்கிற கன்வெர்ட்டர் போட்டேன். இரண்டையும் ஒன்றாக மாற்றியதுதான் தப்பு, எது எவ்வளவு கொடுத்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஒரு நோட்டு போட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். வசந்தத்தில் முதல் ஓட்டம்: 60 அடி 2.02, மொத்தம் 13.14. நெடுஞ்சாலையில் 60 மைலுக்கே இப்போது 2900 சுற்று, பேச்சுக் குரல் காதில் விழாது. அதற்கு வீட்டில் கிடைக்கிற பாட்டு தனி.

அதன்பிறகுதான் நிஜமான சண்டை ஆரம்பித்தது. பலம் இப்போது கிளம்பும்போதே வந்து சேர்கிறது, டயர் பிடிக்கவில்லை. பிடித்தாலும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகெலும்பில் சுத்தியலால் அடிப்பது போல இருக்கும். லாரி ஸ்பிரிங் பட்டை வேலை பார்த்தவன் நீ, உனக்குப் படம் வரைய வேண்டியதில்லை. முறுக்கு ஏறும்போது பினியன் மூக்கு மேலே ஏறப் பார்க்கும், பட்டை எஸ் எழுத்துப் போல வளையும், டயர் நழுவியதும் பட்டை விடுபட்டு நிமிரும், மறுபடி வளையும். கிரைஸ்லர்காரன் இதற்கு அன்றைக்கே வழி செய்திருக்கிறான் பார். பட்டையின் நடுவில் அச்சை வைக்காமல் முன்னே தள்ளி வைத்திருக்கிறான். முன்பாதி குட்டை, விறைப்பு. பின்பாதி நீளம். அந்த முன்பாதி ஒரு கம்பி போல நின்று அச்சைத் தாங்கும். பினியன் மூக்குக்கு மேலே ஒரு ரப்பர்க் கட்டையும் உண்டு, ஸ்னப்பர் என்பார்கள். மூக்கு ஏறும்போது அது வண்டியின் தரையில் முட்டும். மேலே வண்டியைத் தூக்கும், கீழே டயரை ரோட்டில் அழுத்தும். ஒரு ரப்பர்க் கட்டை!

என் வண்டியில் அந்த இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தது. முட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கட்டைக்கு அடியில் வாஷர் அடுக்கி அரை அங்குலம் ஆக்கினேன், அப்புறம் கால் அங்குலம். குதிப்பது நின்றது. அன்றைக்கு வண்டி கிளம்பியபோது நான் கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரே ஒரு "தொப்". அவ்வளவுதான், பிறகு இருக்கை என்னை முன்னால் தள்ளியது. டயர்க் காற்று அடுத்து. டிராக் ரேடியல் 22 பவுண்டில் ஆரம்பித்து ஒவ்வொரு பவுண்டாக இறக்கினேன். பதினேழில் நன்றாக உட்கார்ந்தது. பதினைந்தில் கோட்டுக்குப் பக்கத்தில் வண்டி பாம்பு போல அலைந்தது, பயந்து பதினேழுக்கே திரும்பிவிட்டேன்.

நேற்று. பென்சில்வேனியாவில் மேப்பிள் குரோவ் பந்தயத் தடம். பகல் முழுக்க வெயில், ஆறு மணிக்கு மேல் சில்லென்று காற்று. ஈரமில்லாத, அடர்த்தியான காற்று. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் முக்கால் மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்து, இன்டேக் மேல் ஐஸ் பையை வைத்துக் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றிய இடத்தில் டயரைச் சுற்றிச் சூடேற்றி, மெதுவாக உருட்டித் தொடக்கக் கோட்டின் முதல் ஒளிக்கதிரைத் தொட்டேன். ஒரு விளக்கு. இன்னும் ஒரு ஜாண். இரண்டாவது விளக்கு எரிந்ததும் ஒரு மயிரிழைகூட முன்னே போகவில்லை. கதிரின் ஓரமாக நின்றால் சக்கரம் அதை விட்டு நகர்கிற வரை கடிகாரம் ஓடாது, அந்த அரையடி உருளலும் நமக்கு லாபம். இடதுகாலில் பிரேக், 2200 சுற்று. மூன்று மஞ்சள் விளக்கு. கடைசி மஞ்சளில் பிரேக்கை விட்டேன். மூக்கு தூக்கியது, தூக்கியபடியே போனது. 5600-இல் இரண்டாவது கியர், அப்புறம் மூன்றாவது. கோட்டைத் தாண்டியபோதும் எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை, வேகம் 108 மைல்தான். கூண்டில் சீட்டை வாங்கி டாஷ்போர்டு வெளிச்சத்தில் பார்த்தேன். 60 அடி 1.83. அதைப் பார்த்ததும் கீழ்வரியைப் படிக்காமலே தெரிந்துவிட்டது. முதல் அறுபதில் 0.1 மிச்சம் பிடித்தால் கடைசியில் 0.15, 0.2 கிடைக்கும் என்று பெரியவர் சொன்ன கணக்கு அப்படியே நிற்கிறது. ஆகஸ்டுப் புழுக்கத்தில் இது வந்திருக்காது, அதில் கொஞ்சம் காற்று போட்ட பிச்சை. சரி, இருக்கட்டும்.

இப்போது இன்னொன்று. தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம், தம்பி, அதுதான் உன் பையன், ராத்திரியில் பைபாஸில் பந்தயம் கட்டி வண்டி ஓட்டுகிறான் என்று. நீ என்னிடம் சொல்லவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நாமும் ஓட்டினோம், அவனை அடிக்கிற தகுதி நமக்கு இல்லை என்று நீ நினைப்பாய். நீலாம்பூர் வளைவை நினைத்துக்கொள். நான் இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். இங்கே என்னுடையது மாதிரி பழைய வண்டி 11.49 அல்லது அதைவிட வேகமாக ஓடினால், ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புச் சட்டம்) இல்லாமல் ஓட விடமாட்டார்கள். ஹெல்மெட், பெல்ட் எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே. கோட்டின் இந்தப் பக்கம் மாடு வராது, டேங்கர் வராது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை வராது. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. பையனை ஒரு நாள் நீயே கூட்டிக்கொண்டு போ. வண்டியைப் பிடுங்கினால் வேறொருவன் வண்டியில் போவான். சீட்டில் 60 அடி என்ன காட்டுகிறது என்று அவனைப் பார்க்க வை. அவன் உன் பிள்ளை, அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் பைபாஸ் சப்பென்று போய்விடும்.

இங்கேயும் இடம் குறைந்துகொண்டேதான் வருகிறது. வீட்டிலிருந்து அரை மணியில் இங்கிலிஷ்டவுன் பந்தயத் தடம் இருந்தது. 2018 ஜனவரியில் திடீரென்று டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். தெற்கே ஆட்கோ 1960-இலிருந்து ஓடியது, 2023-இல் மூடினார்கள். இப்போது நான் ஒரு ஓட்டத்துக்கு மாநிலம் தாண்டிப் போகிறேன். கேட்டை மூடிவிட்டுப் பையன்களை ரோட்டில் ஓட்டாதே என்றால் எப்படி? இதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

ஒரு வேலை உனக்கு. ஸ்னப்பர் அடியில் வாஷர் அடுக்கு நிரந்தரம் இல்லை, ஒருநாள் கழன்றுவிடும். எம்.எஸ். தகட்டில் மூன்று துண்டு, எட்டில் ஒரு அங்குலம் கனம், உன் பட்டறையில் வெட்டி ஓட்டை போட்டு வை. அட்டையில் அச்சு வெட்டி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பிசிறு எடுத்துவிடு. இங்கே கடையில் கிடைக்காமல் இல்லை, உன் கை பட்டதாக இருக்க வேண்டும் என்று ஆசை. பொங்கலுக்கு என் தங்கை மகன் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு.

மே மாதம் நீயும் தங்கச்சியும் வந்தே ஆக வேண்டும், விசா வேலையை இப்போதே ஆரம்பி. ஓட்டத்தின்போது பக்கத்து சீட்டில் உன்னை உட்கார விடமாட்டார்கள். டயர்க் காற்று பார்க்கிற கேஜை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், பதினேழா பதினாறரையா என்று நீயே முடிவு செய்.

உன் பழைய பின்சீட்டுக்காரன்