ஏரிப் பூங்காவின் படகுத்துறைக்குக் கைகொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஏரிப் பூங்காவின் படகுத்துறை பூட்டிக் கிடக்கிறது. ஆசையாகப் படகேற வந்து ஏமாந்து திரும்பும் பிள்ளைகளுக்குக் காவலாளிதான் தினமும் சமாதானம் சொல்கிறார். காரணத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நாளில் வாருங்கள். துறையைத் தாங்கும் மரக்கால்கள் நீருக்கடியில் கெட்டியாகவே இருக்கின்றன, மேற்பகுதியிலும் பழுதில்லை. தண்ணீர் ஏறி இறங்கும் ஒரு முழ உயரம் மட்டும் இற்றுப்போய், கட்டைவிரலால் அழுத்தினாலே நார் நாராக உதிர்கிறது. மூழ்கிய மரத்துக்குக் காற்று எட்டாது, உலர்ந்த மரத்தில் ஈரம் இராது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே புதுப் பலகை அடித்து வர்ணம் பூசிச் சமாளிக்கலாம் என்றார் ஒருவர். பிள்ளைகள் ஏறும் துறையில் அந்த வேலை வேண்டாம். கால்களையே மாற்றியாக வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

இது தானாக அமைந்த ஏரி அல்ல என்பது புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. பின்னர் அதுவே குப்பை கொட்டும் இடமாயிற்று. அக்கம்பக்கத்தார் கூடித்தான் தூர் வாரினார்கள். அள்ளிய மண்ணை வெளியேற்ற வண்டி வாடகைக்கு வழியில்லாமல் கரையோரமாகவே குவித்தார்கள். இன்று பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல்மேடு அதுதான். இங்கிலாந்தில் 1847இல் திறக்கப்பட்ட பர்க்கன்ஹெட் பூங்காவிலும் சதுப்பு நிலத்தில் ஏரி தோண்டி, அந்த மண்ணையே மேடுகளாக்கினார்கள். அங்கே ஜோசப் பாக்ஸ்டன் என்ற வல்லுநர் திட்டம் போட்டார். இங்கே காசில்லாத நிலைமையே திட்டம் போட்டுக் கொடுத்தது.

ஏரியைச் சுற்றிய நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், தூண்டில் போடும் மேடை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகு சேர்ந்தவை. அவற்றுக்கு இப்போது பெரிய செலவில்லை.

படகுத்துறைக்கு அடுத்தபடியாகக் கிழக்குக் கரை அரித்துக்கொண்டே போகிறது. செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பச் சொல்கிறார்கள். குழு இதற்கு உடன்படவில்லை. தவறி விழுந்த குழந்தை பிடித்தேறச் சரிவு வேண்டும். நீர்க்கோழி கூடு கட்டக் கோரை வேண்டும். கரையைச் சரிவாக்கி நாணலும் கோரையும் நட்டால் வேர்களே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துறை வேலை போக மிஞ்சும் பணம் இதற்குத்தான். அலங்கார வளைவுக்கோ வண்ண விளக்குக்கோ ஒரு காசும் போகாது.

நன்கொடையைப் பொருளாளரிடம் ஞாயிறு காலை பூங்கா வாசலில் தரலாம். சிறு தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள். வரவு செலவு மாதந்தோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர் பெயரைக் கல்லிலோ பெஞ்சிலோ பொறிக்கும் வழக்கம் நமக்கில்லை. அதில் வருத்தப்படுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். பணம் தர இயலாதவர்கள் நாணல் நட வரலாம். தச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தால் உடனே சொல்லுங்கள், கூலியில் பாதி மிச்சமாகும்.

மழைக்கு முன் கால்களை நட்டுவிட வேண்டும் என்பதால், இந்த மாதத்துக்குள் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிப் பூங்கா பராமரிப்புக் குழுவினர்