நிலா, பலா, முழங்கால்

டண்டீ,
நவம்பர் 12

அன்புள்ள சரசு,

முதலில் திட்டிவிடு. வாய்க்கு வந்தபடி திட்டி முடித்துவிட்டு மேலே படி. எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் வீட்டுக்காரர் ராஜாமணி அண்ணா போன செய்திக்குக் கைபேசியில் இரண்டே வரி அனுப்பியவள் நான். ஐம்பது வருடப் பழக்கத்துக்கு இரண்டு வரி. எழுத உட்காரும்போதெல்லாம் ‘ஆறுதல்’ என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். என் வீட்டுப் பாத்திரங்கள் இந்த எட்டு மாதமாகப் பளபளவென்று இருக்கின்றன.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளைக்கு வேலை மாறிவிட்டது. பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. கோமளா அனுப்பிய வடகம் மாவாக வந்துசேர்ந்தது, அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரக் கடைசியில் நான் ஆடப் போயிருந்தேன். ‘கொடிக்கம்பமா?’ என்று நீ கேட்பது கும்பகோணத்திலிருந்து இங்கே வரை காதில் விழுகிறது. ஆமாம், அசையாமல் நிற்பவள் என்று பட்டப்பெயர் வாங்கிய அதே கொடிக்கம்பம்தான். இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீ சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை. வாரா வாரம் குறுந்தகடு போட்டு ஆடுவோம். இந்த முறை இங்கே ஸ்காட்லாந்திலேயே பிட்லாக்ரி என்ற ஊரில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை வகுப்புகள், சனி இரவு பெரிய நடனம், எல்லாவற்றுக்கும் நேரடி இசை. பெர்த்தில் ரயில் மாறிப் போனேன். மழை, மலை, மறுபடி மழை. ஊரைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் பார்த்ததெல்லாம் ஒரு மரத்தரைதான்.

சனிக்கிழமை காலை வகுப்பில் பா-த-பாஸ்க் என்ற அடிப்படை அடி. ஒரு சின்னத் தாவல், பிறகு இரண்டு தட்டு. வலது கால் பக்கவாட்டில் இறங்க, இடது குதிகால் அதன் உட்குழிவில் வந்து ஒட்ட வேண்டும். இரண்டே இரண்டு தாளத்தில் இத்தனையும். பங்கஜம் டீச்சர் தட்டுக்கழியை வைத்துக்கொண்டு ‘தரை அதிரணும்’ என்று நம் கணுக்காலைக் குறிபார்த்து அடிப்பாரே, இங்கே நேர்மாறு. நாம் ஆடுவது தரைக்கே தெரியக்கூடாதாம். கில்லி என்று ஒரு செருப்பு தருகிறார்கள். குதிகால் இல்லாத மெல்லிய தோல், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் குதிக்கிறோம், துணி உதறுகிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. என் இடத்திலிருந்து மட்டும் ‘தொம்’ என்று கேட்டது. ஆசிரியை திரும்பிப் பார்த்து, அந்தக் காலில் நல்ல தாளம் இருக்கிறது, சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். டீச்சரின் பெருமை கடல் கடந்துவிட்டது.

இசையைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே ஆட்ட மெட்டுகளில் ஜிக் என்றால் ‘தகிட தகிட’, ரீல் என்றால் ‘தகதிமி’. இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான். ஆனால் ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒன்று இருக்கிறது சரசு. ஸ்பே என்ற ஆற்றின் பள்ளத்தாக்குப் பெயர். மெதுவான நடை. அதில் ஒரு குட்டி ஸ்வரத்தைச் சட்டென்று கிள்ளிவிட்டு அடுத்ததில் நீளமாகச் சாய்வார்கள். இரண்டு வருடமாக என் கால் அதைப் பிடிக்கவே இல்லை. வெள்ளி இரவு பிடில்காரர் இரண்டடி தூரத்தில் வாசித்தபோதுதான் உறைத்தது. இது வேறொன்றும் இல்லை, குறிலும் நெடிலும். நிலா, பலா, கனா! தமிழய்யா கரும்பலகையில் போட்ட நிரையசை! அப்புறம் வாய்க்குள் ‘நிலா பலா’ என்று சொல்லிக்கொண்டே ஆடினேன். எதிரே நின்றவர் நான் பிரார்த்தனை செய்வதாக நினைத்திருப்பார்.

இன்னொன்று. ஓர் ஆட்டம் பெரும்பாலும் முப்பத்திரண்டு தாளக்கட்டு, அதை எட்டு முறை ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வாத்தியக்காரர்கள் மெட்டை மாற்றுகிறார்கள். மெட்டு மாறும் இடத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் கிழவர்கள்கூட ஓர் அங்குலம் உயர்கிறார்கள், கண்ணால் பார்த்தேன். கடைசிச் சுற்றில் முதல் மெட்டு திரும்ப வரும். நிரவல், ஸ்வரம் எல்லாம் சுற்றிவிட்டுப் பல்லவிக்கு வந்து இறங்குவோமே, அந்த நிம்மதி. குறுந்தகட்டிலும் இதெல்லாம் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் குறுந்தகடு என் காலைப் பார்க்காது. அந்த அக்கார்டியன்காரர் பார்த்தார். நாங்கள் களைத்தபோது ஒரு நூலளவு நிதானித்தார்.

நான்கு ஜோடிகள் எதிரெதிர் வரிசையாக நிற்போம். வாத்தியம் இருக்கும் பக்கம் தலைப்பக்கம். முதல் ஜோடி இரண்டு சுற்று ஆடிவிட்டுக் கடைசிக்குப் போகும், அடுத்த ஜோடி தலைக்கு வரும். பாதி நேரம் சும்மா நிற்க வேண்டியதுதான். அந்தச் ‘சும்மா’தான் கடினம் என்கிறார்கள். நிமிர்ந்து நில், ஆடுகிறவர்களைப் பார், கை நீட்ட வேண்டிய நேரத்தில் நீட்டு. இந்தக் கண்டிப்பெல்லாம் 1923-இல் கிளாஸ்கோவில் இந்த நடனத்துக்குச் சங்கம் ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜீன் மில்லிகன் காலத்திலிருந்து வருகிறது. அவர் உடற்பயிற்சி ஆசிரியை, கேட்க வேண்டுமா? ஆனால் பார், அறுபத்தொரு வயதில் என் கொடிக்கம்பத் திறமைக்கு மதிப்பு வந்துவிட்டது. ‘நன்றாக நிற்கிறீர்கள்’ என்று என்னிடமே சொன்னார்கள்!

சனி இரவு மானத்தை வாங்கிக்கொண்டேன், அது வேறு கதை. 51-ஆம் டிவிஷன் ரீல் என்று ஓர் ஆட்டம். 1940-இல் பிரான்சில் செயின்ட் வாலரியில் பிடிபட்ட ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஜெர்மானியச் சிறைமுகாமில் உருவாக்கியது. நடுவில் உள்ள ஜோடி மூலையில் நிற்பவர்களோடு கைகோத்துக் குறுக்குக் கோடாக நிற்கும், பிறகு எதிர்மூலைகளோடு இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் அவர்கள் கொடியிலிருக்கும் பெருக்கல் குறி. முள்வேலிக்குள் காலாலேயே கொடி வரைந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நெகிழ்ந்து யோசித்துக்கொண்டே போய்த் தப்பான மூலைக்குப் போய்விட்டேன். கோடு உடைந்தது. என் மூலைக்காரி எழுபத்தொன்பது வயது அம்மாள். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. நான் அசடு வழியச் சுற்றி வந்து பிடிக்கும் வரை அந்தக் கை அந்தரத்திலேயே இருந்தது. விரல்கள் மட்டும் ‘வா, வா’ என்று அசைந்தன.

பிறகு தேநீர் வரிசையில் மன்னிப்புக் கேட்டேன். அதற்கென்ன, என் வீட்டுக்காரர் நாற்பது வருடம் தப்பான தோள் பக்கமாகத்தான் வந்தார் என்றார். அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டேன். ‘பிப்ரவரியில் போய்விட்டார். இப்போதுதான் இந்த ஆட்டத்தை ஒழுங்காக ஆட முடிகிறது’ என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குனிந்து, பிய்ந்த கில்லியின் மேல் கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்ற ஆரம்பித்தார். நெடுநேரம் சுற்றினார். அதற்கு அவ்வளவு நாடா தேவையில்லை.

அவரை யாரும் தனியாக உட்காரவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டு அல்ல, செட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும், அவ்வளவுதான். ஆண்கள் குறைவு, பெண்களே ஆண் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் துணை மாறுகிறது. அன்று இரவு பாதிப் பேர் தனியாக வந்தவர்கள்தான். அந்த அம்மாள் வெள்ளை கவுனும் தோளில் டார்ட்டன் என்கிற கட்டம் போட்ட பட்டையுமாக மூன்று ஆட்டங்களில் தலைப்பக்கம் நின்று ஆரம்பித்துவைத்தார்.

சரசு, உன் கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. அண்ணன் மகள் வளைகாப்பில் கொல்லைப்புறத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன் என்றும் எழுதியிருக்கிறாய். யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டை போடலாம். நீயாகப் போனாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டு வகுப்பையும் நிறுத்திவிட்டாயாம். பதினோரு பிள்ளைகள்! ராஜாமணி அண்ணா அந்தப் பிள்ளைகளின் செருப்பை வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பாரே, அவரா நிறுத்தச் சொன்னார்?

கோபமாக எழுதிவிட்டேன். அந்த வரிகளை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

சனி மதியம் வகுப்பு முடிந்து எல்லோரும் தரையில் படுத்துக் காலை நாற்காலி மேல் தூக்கிப் போட்டிருந்தோம். பிடில்காரர் யாரும் கேட்காமலே ஒன்று வாசித்தார். நீல் கவ் என்பவர் இயற்றியது. 1727-இல் பிறந்து 1807-இல் மறைந்தவர். டன்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் கிராமம், நான் ரயிலில் கடந்து வந்த வழிதான். ஊரையே ஆடவைத்த மனிதர், முதுமையில் இரண்டாம் மனைவி இறந்தபோது அவளுக்காகச் செய்த மெட்டு. வார்த்தை கிடையாது. யாரும் ஆடவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உன்னை நினைத்தேன். எட்டு மாதமாக எனக்குக் கிடைக்காத சொல் அந்த மனிதருக்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களைத் தொடாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் இன்னும் காலாவதி ஆகவில்லைதானே? மே மாதத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். உன்னை ஆடச் சொல்ல மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டால் போதும். வரும்போது மாவடு கொண்டு வா, கோமளாவிடம் கட்டக் கொடுக்காதே.

அதற்குள் ‘நிலா பலா’ சொல்லிப் பார். எந்த ராகத்துக்கு ஒட்டுகிறது என்று உனக்குத்தான் தெரியும். தெரிந்தால் ஃபோன் செய். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், அப்போது முழங்காலில் ஐஸ் பையோடு இருப்பேன்.

உன்,
கொடிக்கம்பம்