கொலையாளியைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வார், தம்பி?

அன்புத் தம்பிக்கு,

உன் நாவலை நம் வாசிப்புக் குழுவில் ஆறு பேரும் படித்து முடித்துவிட்டோம். கடைசியில் முடித்தவள் நான்தான்; கண் ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரியில் படிக்க முடிவதில்லை. "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா. திட்டினாலும் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுங்க" என்று சொன்னது நீ. அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

தொடக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. 1943 அக்டோபர், சிங்கப்பூர் தேக்கா, கடைவீட்டு மாடியில் செத்துக் கிடக்கும் அரிசி வியாபாரி. விசாரிக்க வருகிறவர் வெள்ளைக்காரன் காலத்தில் போலீஸில் சேர்ந்து, ஜப்பான்காரன் காலத்திலும் அதே ஸ்டேஷனில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தமிழர். அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நீ எழுதினாய்.

சரி, இனி குறைகள். நம் குழுவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தெரியும்தானே? ஒன்பதாம் அத்தியாயத்தில் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார். செத்தவனின் பெட்டியில் இருந்த பணத்தின் வரிசை எண்களை வைத்து உன் ஆள் துப்புத் துலக்குகிறார் அல்லவா, அது நடக்காது என்கிறார். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டில் ஆரம்பத்தில் வரிசை எண் இருந்தது. பிறகு வெறும் எழுத்துகளை மட்டும் போட்டு இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ளினார்கள். ஒரு நோட்டுக்கும் இன்னொரு நோட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத ஊரில் துப்பறிவது எப்படி? அதை யோசித்தால் உனக்கு இதைவிட நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

நான் கண்டுபிடித்தது கடிகாரம். "மாலை ஆறரை மணி, நன்றாக இருட்டிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். ஊர் பிடிபட்டதுமே சிங்கப்பூர் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கணக்கில் அக்டோபர் மாதம் சூரியன் மறைய எட்டு மணி ஆகிவிடும். ஆறரைக்கு வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதே, பயன்படுத்திக்கொள். பழைய நேரத்தை மனசுக்குள் வைத்திருந்த கிழவர் ஒருவர் "ஏழு மணிக்குப் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னால் அது எந்த ஏழு மணி? ஆண்டும் இதே கதைதான். அரசாங்கத் தாளில் ஜப்பானியர் கணக்குப்படி 2603 என்று இருக்கும், உன் ஆள் சட்டைப்பைக் குறிப்பேட்டில் 1943 என்று எழுதுவார். அந்தக் குறிப்பேடு யார் கையிலாவது சிக்கினால்?

(மரவள்ளிக்கிழங்கு இருபத்தேழு இடத்தில் வருகிறது. எண்ணினேன். பசி புரிந்துவிட்டது, பாதியைக் குறைத்துக்கொள்.)

பெரிய சண்டை நம் குழுவில் இருக்கும் ஆசிரியை கிளப்பியது. "ஊரே செத்துக்கொண்டிருந்தபோது கள்ளச்சந்தைக்காரன் ஒருத்தன் சாவுக்கு முந்நூறு பக்கமா?" என்று கேட்டார். 1942 பிப்ரவரியில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்டவன் தலையசைத்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரையில் சுட்ட ஊர் இது. தப்பியவர்கள் சட்டையில் விழுந்த முத்திரை அழிந்துவிடக் கூடாதென்று அதைத் துவைக்காமல் பத்திரப்படுத்தினார்கள். அந்த ஊரில் ஒரு பிணத்துக்கு என்ன கணக்கு?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1944 மார்ச்சில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் மார்செல் பெத்தியோ என்ற டாக்டர் வீட்டில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்ததைப் போலீஸார் பார்த்தார்கள். "இவர்கள் ஜெர்மானியர்களும் துரோகிகளும், நான் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவன்" என்று அவன் சொன்னதும் விட்டுவிட்டார்கள். உண்மையில் அவன் கொன்றவர்களில் பலர் தப்பிப் போக உதவி தேடி அவனிடம் வந்தவர்கள். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது கொலைகாரனுக்கு ஒளிந்துகொள்ள நிறைய இடம் கிடைக்கிறது. அதனால் ஒற்றைப் பிணம் உன் நாவலுக்குப் போதும் என்பேன். ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை, பதிந்துகொள்.

என் குறை வேறு. உன் ஆளுக்குப் பயமே இல்லை. ஜப்பானியச் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கும்போது மட்டும் பயப்படுகிறார். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் வெள்ளைக்காரக் கதைகளில் வரும் துப்பறிவாளர் ஆகிவிடுகிறார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கொலையாளி யார் என்று விளக்குகிறாரே, அந்த அறையில் ஜப்பானிய அதிகாரியும் இருக்கிறாரே! யாருக்கு விளக்குகிறார்?

நீ எடுத்துக்கொண்ட மாதத்தையே பார். செப்டம்பர் 26 ராத்திரி, ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரெய்ட்' என்ற மீன்பிடிப் படகில் வந்த குழுவில் ஆறு பேர் சின்னப் படகுகளில் துறைமுகத்துக்குள் புகுந்து கப்பல்களில் வெடி வைத்தார்கள். வைத்தவர்கள் பத்திரமாக ஊர் திரும்பிவிட்டார்கள். வெளியிலிருந்து ஆள் வந்திருக்க முடியும் என்று கெம்பெய்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ், நம்பவில்லை. சாங்கி சிறையில் இருந்த வெள்ளைக்காரர்கள்தான் உள்ளிருந்தே செய்தார்கள் என்று முடிவு கட்டி, அக்டோபர் 10-ஆம் தேதி கைதுகளைத் தொடங்கியது. 57 பேரைப் பிடித்துப் போய் மாதக்கணக்கில் சித்திரவதை செய்ததில் 15 பேர் செத்தார்கள். சிறைக்குள் பணமும் சேதியும் போக உதவிய எலிசபெத் சோய் கிட்டத்தட்ட 200 நாள் உள்ளே இருந்தார். அத்தனையும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி.

இதுவும் துப்பறியும் வேலைதான் தம்பி. தப்பான விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுச் சாட்சியைத் தேடிய வேலை. அது நடந்த, கெம்பெய்தாய் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். உன் நாவலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் ஆள் கொலையாளியின் பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் போய்ச் சேரும் இடம் அதுதானே? அரிசி வியாபாரி காட்டிக்கொடுத்ததால் அப்பாவைப் பறிகொடுத்த பையன்தான் கொன்றான் என்பது அவருக்குத் தெரிந்த பிறகு, விடை கிடைக்காமலே இருந்திருக்கலாமே என்று அவர் நினைக்க வேண்டாமா? மனசில் ஒரு விடை, அறிக்கையில் இன்னொரு விடை. அந்தப் பொய் அறிக்கையை அவர் உட்கார்ந்து எழுதும் ராத்திரியை நீ எழுதவே இல்லை. பையனைப் படகில் ஏற்றித் தப்பவைத்துவிட்டு நீயும் தப்பித்துக்கொண்டாய்.

அந்த அறிக்கையில் யார் பெயரைப் போடுவார் என்பதும் இருக்கிறது. ஏற்கெனவே செத்துப்போனவன் பெயரையா? 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்து கோப்புகளைப் புரட்டும்போது அந்தத் தாள் இவருக்கே எதிராக நிற்குமா?

குழுவின் பெரியவர் கோபம் இ.தே.ரா. பற்றி, நேதாஜியின் இந்தியத் தேசிய ராணுவம் பற்றி. தன் அப்பா போட்ட சீருடையை நீ வில்லனுக்கு மாட்டிவிட்டாய் என்று ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அதே அக்டோபர் 21-ஆம் தேதி கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். கேத்தேயும் ஒய்.எம்.சி.ஏ.வும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் மாதிரி. அதே மாதம்தான் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையை இணைத்து முடித்தார்கள், தோட்டத்துத் தமிழர்கள் கொத்துக்கொத்தாக விழுந்த பிறகு. நம் ஆட்கள் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நின்றார்கள். வில்லனை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேடை முன்னால் நின்று கண் கலங்கியவன் ஒருத்தனாவது நாவலில் வேண்டும். உன் துப்பறிவாளரே அங்கே நிற்கலாம்.

பக்கங்களைக் கட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். சிவப்பு மை ஆசிரியை, பென்சில் வங்கி அண்ணன், நீல மை நான். பெரியவர் ஒரு குறியும் போடவில்லை. கேத்தே பக்கம் வரவேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அக்கா