பத்தாம் வகுப்புப் பெற்றோர் சந்திப்பு: சனி மாலை 5 மணி

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு நம் குழுவில் உள்ள ஒரு அம்மா மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் காலை டிபனுக்கு உரித்த வெங்காயம். "என்னம்மா?" என்றதும் அழுதுவிட்டார். ஆபீஸ், சமையல், டியூஷன், மாமியார் மருந்து, எல்லாம் ஒரே ஆள் தலையில். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இந்தச் சந்திப்பு.

பிப்ரவரி 7, சனி, மாலை 5 – 6.30. பி பிளாக் மொட்டை மாடி.

1. அப்பாக்களும் கட்டாயம் வரவும்.
2. மார்க் பேச்சு வேண்டாம்.
3. டியூஷனுக்குக் கொண்டுவிட முறை போடுவோம். ஐந்து வீடு சேர்ந்தால் ஒருவருக்கு வாரம் ஒருநாள்தான். உங்களுக்கு முடியாத கிழமைகளை எழுதி வாருங்கள்.
4. சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

சனி வரை தாங்காது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

வியாழன் இரவுக்குள் வீட்டு எண்ணுடன் "வருகிறோம்" என்று இங்கே போடவும். குழுவில் சொல்லத் தயக்கமென்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.