பழி மட்டும் தமிழம்மா தலையிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் கல்வி இணைப்பில், வடசென்னைப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் தவறுவதற்குக் காரணம், தமிழாசிரியர்கள் அவர்களுக்கு ஒழுங்காக வாசிக்கச் சொல்லித்தராததுதானாம். கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஓய்வு பெறும்வரை ‘தமிழம்மா’ என்று கூப்பிடப்பட்ட என்னால் அப்படிச் சட்டென்று அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை.

தமிழாசிரியர் என்ன செய்யவில்லை என்று எழுதும் முன், அவருக்கு நேரம் கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தால் எங்கள் தமிழ் பீரியட் காணாமல் போகும். “தமிழ்தானே டீச்சர், பசங்க எப்படியும் முப்பத்தஞ்சு வாங்கிடுவாங்க” என்று கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள். நூலக பீரியட் அதற்கு முன்பே போயிருக்கும். பலகையில் தினம் ஒரு குறள், ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை, பெரிய மனிதர் யாராவது வந்தால் வாழ்த்துப்பா, இதற்கெல்லாம் மட்டும் தமிழம்மா தவறாமல் வேண்டும். சரி, எடுத்துக்கொண்ட நேரத்தில் எதை வாசிக்க வைத்தார்கள்? பாடப் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும். ‘மெல்லக் கற்போர்’ கையில் சில பக்க ஜெராக்ஸ். கோடிட்ட இடம், பொருத்துக, அப்புறம் கொஞ்சம் இரண்டு மதிப்பெண் கேள்விகள். சத்தமாகச் சொல்லு, பார்க்காமல் எழுது. முடிந்தது. இப்படி ஒரு வருடம் முழுவதும் புத்தகத்தையே திறக்காத பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் குற்றவாளி நான்!

ஒரு பையன். செய்யுளைச் சீர் பிரித்து, தடுமாறாமல் வாசிப்பான். அவனே ஒரு நாள் அறிவியல் புத்தகத்தோடு வந்து, “பாடத்துல ஒண்ணு இருக்கு, படத்துல வேற இருக்கு, எதை எழுதணும்?” என்றான். பத்தியில் இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறை, என்று இருக்கிறது, படத்திலோ அது பக்கத்தின் வலது பக்கம் இருக்கிறது. படத்தில் இருப்பது நம் எதிரில் நிற்கும் ஆளின் இதயம், அவருக்கு இடது நமக்கு வலது. சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை யாரும் சொல்லாததால், அவன் பத்தியைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். படத்தையும் பத்தியையும் சேர்த்து வாசிப்பது எப்படி என்று காட்ட வேண்டியவர், தினம் அந்தப் படத்தைப் பலகையில் வரைகிறவர் இல்லையா?

கணக்குக்கு வாருங்கள். ‘குறித்த விலையில் 20% தள்ளுபடி கொடுத்த பிறகும் ஒரு கடைக்காரர் 10% லாபம் பெறுகிறார்’ என்று ஒரு கணக்கு. பிள்ளைகள் இருபதையும் பத்தையும் கண்டதும் கூட்டலா கழித்தலா என்று கையைத் தூக்குவார்கள். தள்ளுபடி குறித்த விலையின் மேல், லாபம் அடக்க விலையின் மேல். இரண்டாவது விஷயம் அந்த வரியில் எழுதியே இருக்காது. கதையைப் போல மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு போனால் கணக்கு பிடிபடாது. கடைசி வரியில் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, மறுபடி மேலே வந்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படிக்க வேண்டும். எந்தத் தமிழ்ச் செய்யுளும் இந்த வாசிப்பைச் சொல்லித்தராது.

வரலாறு மட்டும் என்ன? முதல் உலகப் போர் சமயம், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ராயபுரத்துப் பிள்ளைக்கு இது ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். தான் தினமும் பார்க்கும் துறைமுகம்தான் அது என்று யாரும் வகுப்பில் நிறுத்திச் சொன்னதில்லை. ஜெர்மனிக் கப்பலுக்கு வங்காள விரிகுடாவில் என்ன வேலை, குறி ஏன் எண்ணெய்த் தொட்டியின் மேல் என்று கேட்டுக்கொண்டே படித்தால் அந்தப் பாடம் மறக்குமா?

தேர்வில் கேள்வித்தாளை வாசிக்கவென்றே 10 நிமிடம் தருகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. மேற்பார்வைக்குப் போன அறைகளில் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் அந்தப் 10 நிமிடமும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பாடத்துக்காரரும் சொல்லித்தந்தது கிடையாது.

வாசிக்கச் சொல்லித்தருவது எல்லாப் பாடத்துக்காரரின் வேலையும்தான் என்பது அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2015-ல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானபோது, எந்தப் பாடம் நடத்தினாலும் மொழியை எப்படிக் கையாள்வது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாள் வந்தது. அதில் பாஸ் ஆகி வந்தவர்கள்தான் “ரீடிங் எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்” என்கிறார்கள். 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, நல்லது. 2025-ல் ஆறு முதல் ஒன்பது வரை, படிப்பில் பின்தங்கியவர்களுக்காக ‘திறன்’ திட்டம் வந்தது. அதிலும் தமிழ், ஆங்கிலம், கணக்குதான். பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் ‘பைசா’ (PISA) என்ற உலகத் தேர்வில் 2009 சுற்றில் நம் மாநிலம் கலந்துகொண்டு, பட்டியலின் அடிமட்டத்தில் நின்றது நினைவிருக்கும். அந்தச் சுற்றில் முக்கியமாகச் சோதித்ததே வாசிப்பைத்தான். அட்டவணை, அறிவிப்பு, வரைபடம் எல்லாம் கொடுத்துக் கேட்டார்கள். கேள்விகள் நம் நாட்டுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்த சுற்றுக்கே போகாமல் இருந்துவிட்டோம். எளிய வழி.

தங்கள் பத்திரிகையையும் சொல்லாமல் விட முடியாது. வடசென்னை என்றால் தங்களுக்குக் கொலை, குப்பைமேடு, எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, தாங்கள் வெளியிட்ட செய்தியைத்தான் வெட்டி வகுப்புக்கு எடுத்துப்போனேன். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அதே பேச்சு. எண்ணெய் ஏன் மிதக்கிறது, மீனுக்கு என்ன ஆகும் என்று அறிவியல் ஆசிரியரும் வந்து அந்தச் செய்தியைச் சேர்ந்து படித்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். “சிலபஸ்ல இல்ல டீச்சர்” என்று பதில் வந்தது. இதை அப்போதே தங்களுக்கு எழுதினேன். எண்ணெயைப் பற்றிய இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளியைப் பற்றிய மீதியை வெட்டிவிட்டீர்கள். இடம் போதவில்லை போலும். மாணவர் பக்கத்தில் மாதிரி வினாவும் விடையும் போட மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது. அதைத்தான் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து விற்கிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் வாரம் ஒரு மூலையில், அறிவியலோ சமூக அறிவியலோ, பாடப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பத்தி போடுங்கள். அதை எப்படி வாசிப்பது என்று அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். தமிழாசிரியரைக் கூப்பிட வேண்டாம். விடையைக் கீழே தலைகீழாக அச்சிடும் வழக்கமும் வேண்டாம்.

இந்த முறையும் இடம் போதாமல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தள்ளுபடிக் கணக்கை வெட்டிக்கொள்ளுங்கள். தமிழ் பீரியட் பத்தியில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.