லைசென்ஸுக்கும் இருக்கைக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'விமானி ஆவது எப்படி' என்ற கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் இயற்பியலும் கணிதமும், அதன்பின் பயிற்சிப் பள்ளி, கையில் லைசென்ஸ், அடுத்த வரியிலேயே கை நிறையச் சம்பளம் என்று போகிறது கட்டுரை. நான் பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சிமுலேட்டரில், அதாவது தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரத்தில், பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் லைசென்ஸுக்கும் சம்பளத்துக்கும் நடுவில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டு நிற்பவர்கள். கட்டுரையில் அந்த நடுப்பகுதியையே காணோம்.

"போட்ட காசு திரும்ப வருமா சார்?" என்றுதான் பெற்றோர்கள் கேட்கிறார்கள். கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ படிக்க வைக்கிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? நான் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. எப்போது வர வேண்டும், அதுவரை தவணையை யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் மணிக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி வணிக விமானி லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150 போதும். அது கையில் இருந்தால் பறப்பதற்குச் சம்பளம் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது, அவ்வளவுதான். ஏர்பஸ், போயிங் என்று குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்ற தகுதி தனியாக வேண்டும்; அதற்கும் பல சமயம் பணம் விமானியின் பையிலிருந்துதான் போகிறது. கேப்டன் ஆவதற்கான உயர் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேண்டும்.

பல நாடுகளில் 200 மணி நேரத்தோடும் டைப் ரேட்டிங்கோடும் பெரிய ஜெட்டின் வலது இருக்கையில், துணை விமானியாக, உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்று அங்கே விதி வந்தது. (அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பது வேறு கதை.) அதனால் அங்குள்ள இளைஞர்கள் லைசென்ஸ் வாங்கிய கையோடு பயிற்சியாளராகவோ, விளம்பரப் பதாகையை இழுத்துக்கொண்டு பறக்கும் சின்ன விமானத்திலோ மணி நேரம் சேர்க்கிறார்கள். அதில் சம்பளம் குறைவு, ஆனால் கை ஓடிக்கொண்டே இருக்கும். சிறிய விமான வேலைகள் அதிகம் இல்லாத நாடுகளில் 200 மணி நேரத்தோடு வெளியே வருகிற பையனுக்கு விமான நிறுவனம் கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் வீடுதான்.

இந்த லைசென்ஸ் பட்டப்படிப்புச் சான்றிதழ் மாதிரி பீரோவில் தூங்குகிற காகிதம் இல்லை. மெடிக்கல் என்கிற மருத்துவத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம். 90 நாளில் 3 முறை ஏறி இறங்கியிருந்தால்தான் பயணிகளை ஏற்றிப் பறக்கலாம் என்று விதியே இருக்கிறது. சும்மா இருந்தால் கை மறந்துவிடும் என்பதால் வந்த விதி அது.

அந்த மறதி எப்படி இருக்கும் என்று தெரிய என்னோடு சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு பையன் வந்தான். லைசென்ஸ் வாங்கி நீண்ட நாள் வேலை கிடைக்காமல் இருந்து, ஒரு வழியாகத் தேர்வுக்கு அழைப்பு வந்து, அதற்கு முன் பழகிக்கொள்ள என்னிடம் வந்தவன். வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் வந்து விழும். விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, மேகத்துக்குள் 5000 அடியில் நேராகப் போ என்றேன். முதல் நிமிடம் சரியாகப் போனான். பிறகு திசை 5 டிகிரி விலகியது. அதைச் சரிசெய்யப் போனவனின் கண் திசைமானியிலேயே ஒட்டிக்கொண்டது. உயரம் 200 அடி ஏறிவிட்டது, அவன் பார்க்கவே இல்லை. பார்த்ததும் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினான், வேகம் கூடியது, வேகத்தைக் குறைத்தான், திரும்பத் திசை போயிற்று. கண்ட்ரோலைப் பிடித்திருந்த விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இரண்டு விரலால் பிடி தம்பி, கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே என்று சொல்லிச் சொல்லித்தான் மீட்க முடிந்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியே வந்த வாரம் இதே பையன் இதைச் சிரித்துக்கொண்டே செய்திருப்பான். அவன் திறமையில் குறையே இல்லை, காத்திருந்த காலம்தான் இப்படி ஆக்கியிருந்தது.

அந்தக் காலம் எவ்வளவு நீளும் என்பதும் அவன் கையில் இல்லை. 2001 செப்டம்பர், 2008 நிதி நெருக்கடி, 2020 கொரோனா என்று நான் பார்க்கவே மூன்று முறை இந்தத் தொழில் தலைகுப்புற விழுந்து எழுந்திருக்கிறது. 2019இல் ஆளே கிடைக்கவில்லை என்று தேடினார்கள். மறு வருடம் அனுபவமுள்ள கேப்டன்களே வீட்டில் இருந்தார்கள். பல நிறுவனங்களில் எல்லாமே சீனியாரிட்டிதான். எந்த ரக விமானம், எந்த ரோஸ்டர் (பணி அட்டவணை), எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என்பதெல்லாம் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் பெரும்பாலும் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல விமானியா என்று அந்த வரிசை கேட்பதில்லை.

2009 ஜனவரியில் இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கரை உலகமே கொண்டாடியது. அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் ரத்தானதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்புகிற ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பின்னாளில் அங்கே சம்பளம் நன்றாகவே உயர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வருவது நல்ல வருடத்துச் சம்பளம்; கடன் தவணை கெட்ட வருடத்திலும் கட்ட வேண்டியது.

அடுத்து, உடம்பு. கட்டுரையில் 'மருத்துவத் தகுதி அவசியம்' என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பயிற்சிக் கட்டணத்தில் முதல் தவணை கட்டும் முன்பே முதல் வகுப்பு மெடிக்கலை எடுத்துவிட வேண்டும். பாதிப் படிப்பில் எடுத்து, இதயத் துடிப்பிலோ காதிலோ சிக்கல் தெரிந்து, பணமும் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று இன்னமும் நம்புகிறார்கள், அது தவறு. கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அட்டைகளில் தவறியவர்களுக்கு மேற்கொண்டு சோதனைகள் உண்டு, அதிலும் தவறினால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். இதைப் பதினைந்து வயதிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு முறை தேறினால் போதாது. மெடிக்கல் வருடா வருடம், 60 வயதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒரு முறை. சர்வதேச விமானச் சேவைகளில் 65 வயதோடு முடிந்துவிடும். 2006க்கு முன்னால் 60தான். நடுவில் ஒரு சர்க்கரை, ஒரு சிறுநீரகக் கல், ஒரு வலிப்பு எது வந்தாலும் மருத்துவர் கையெழுத்து போடும்வரை சம்பளம் கேள்விக்குறி. லைசென்ஸ் இழப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. இளம் விமானிகள் அதை வீண் செலவு என்று தள்ளிப் போடுகிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

மனதைப் பற்றிப் பேசுவதும் சுலபமில்லை. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் நிறுவனத்தின் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதி 150 பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்ததை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் இன்றைக்கும் விமானிகளிடம் இருக்கிறது. சக விமானிகளிடம் ரகசியமாகப் பேசி உதவி பெறும் ஏற்பாட்டை ஐரோப்பாவில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிற நிறுவனமா என்று வேலைக்குச் சேரும்போதே கேட்பது நல்லது.

இதையெல்லாம் தாண்டி உள்ளே வந்தவருக்கும் பரீட்சை முடிவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை சிமுலேட்டர் சோதனை, ஓய்வு பெறும்வரை. ஓடுபாதையில் இனி நிற்க முடியாது, பறந்தே ஆக வேண்டும் என்ற வேகத்தைத் தாண்டியதும் ஒரு இன்ஜினை நிறுத்துவேன். விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கப் பெடலில் கால் தானாக இறங்க வேண்டும். முப்பது வருட கேப்டனுக்கும் சோதனை நாள் காலையில் வயிறு கலங்கும். பரீட்சை என்றாலே தூக்கம் போகிற பிள்ளைக்கு இது சரிப்படாது என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்.

கம்ப்யூட்டர்தானே ஓட்டுகிறது, இன்னும் பத்து வருடத்தில் விமானி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்து, ஆட்டோபைலட் விலகி, நடுராத்திரியில் விமானத்தை மனிதர் கையில் கொடுத்தது. நாலரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. அந்த நாலரை நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். மற்ற நேரமெல்லாம் கவனம் சிதறாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணிக்குள் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களுக்கே தெரியும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. நான் சந்தோஷமாக ஓட்டியவன். குறுக்குக் காற்றில் வால் ஒதுங்கப் பார்க்கிற விமானத்தைக் கால் ஒன்றாலேயே நேராக்கி, ஒரு சக்கரம், மறு சக்கரம் என்று தரையில் வைத்த நாளில் கிடைக்கிற நிறைவு வேறு எந்த நாற்காலியிலும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த நிறைவுக்காக வருகிறவனும், சீருடைக்கும் விமான நிலைய மரியாதைக்கும் வருகிறவனும் ஒரே கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள். நாலாவது வருடம், ஒரே நாளின் நாலாவது தரையிறக்கத்தில் மழையில் நிற்கும்போது இரண்டாமவனுக்குக் கணக்கு இடிக்கும். மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தாலும் கடன் குடும்பத்தை மூழ்கடிக்காது, மெடிக்கல் கையில் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு படிப்போ தொழிலோ இருக்கிறது என்றால் தாராளமாக இறங்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு வருடம் பொறுப்பதில் நஷ்டமில்லை. விமானத்தின் மேல்தான் ஆசை என்றால் பராமரிப்புப் பொறியாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைகளையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி எழுதும்போது அவர்களிடம் சில கேள்விகள் கேட்டுப் பதிலையும் அச்சிடுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 200 மணி நேரத்தை முடித்தார்கள், முடிக்க எத்தனை மாதம் ஆயிற்று, இன்றைய தேதிக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள். கொட்டகையில் நிற்கிற விமானத்தை எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஆகவே 'பறக்கும் நிலையில்' என்ற வார்த்தையை விடாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானி, தங்கள் நெடுநாள் வாசகர்