அவைக்குறிப்புத் தொகுப்புக்குக் கைகொடுத்தோருக்கு: தில்லியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். திமுக உறுப்பினர் திருச்சி சிவா அவர்கள் மாநிலங்களவையில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சமூகச் சிக்கல்களிலும் வேளாண் சிக்கல்களிலும் ஆற்றிய பங்களிப்பை அவைக்குறிப்புகளிலிருந்து திரட்டித் தமிழில் தரும் எங்கள் சிறு தொகுப்பு அச்சேறி, தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றி சொல்ல அதில் ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்க முடிந்தது. அந்தப் பக்கத்திலும் தங்கள் பெயர் வேண்டாம் என்று உதவியவர்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். பெயரைத்தானே வேண்டாம் என்றீர்கள், நன்றியை அல்லவே என்ற துணிவில் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இது கட்சி வெளியீடு அன்று. உறுப்பினரையோ அவருடைய கட்சியையோ நாங்கள் அணுகவில்லை; அவையில் பேசப்பட்டவை மாநிலங்களவையின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்கின்றன, எங்களுக்கு அந்தப் பதிவுகளே மூலம். எங்கள் குழுவில் திமுகவுக்கே வழக்கமாக வாக்களிப்பவரும் உண்டு, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவரும் உண்டு. எண்ணிக்கையில் தோற்பது உறுதி என்று தெரிந்திருந்தும், அவை விதிகள் தனக்குத் தரும் கருவிகளை ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் கடைசிவரை பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் காட்ட அவருடைய பதிவுகள் பொருத்தமாக இருந்தன என்பதே அவரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

நன்றியில் முதல் பங்கு கரோல் பாகில் வசிக்கும் பெரியவருக்கு உரியது. பணிக்காலம் முழுவதும் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர்தான் அவைக்குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவை அறிக்கையாளர்கள் சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறி உள்ளே போய்க் குறிப்பெடுப்பது, அடைப்புக்குறிக்குள் வெறும் ‘இடையூறு’ என்று நிற்கும் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய குரல் கரைந்துபோயிருக்கும் என்பது, அவசரப் பொதுச் சிக்கல்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் மூன்று நிமிடம் முடிந்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடுவதால் உறுப்பினர்கள் முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடப் பழகுவது ஆகியவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கினார். உரையோடு நின்றுவிடாதீர்கள், உரை முடிந்த பிறகு அவையை நடத்துபவர் என்ன கேட்கிறார், உறுப்பினர் அதற்கு என்ன விடை சொல்கிறார் என்று பாருங்கள், வேலை நடப்பது அங்கேதான் என்பது அவருடைய ஓயாத அறிவுரை. தொகுப்பின் அமைப்பையே அந்த அறிவுரை மாற்றிவிட்டது என்பதை நூலைப் படித்தவர்கள் கண்டிருப்பார்கள்.

2015 ஏப்ரல் 24ஆம் நாளின் குறிப்பைப் படித்தபோது அவர் சொன்னதன் முழுப் பொருளும் விளங்கிற்று. அது ஒரு வெள்ளிக்கிழமை. அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கென்று ஒதுக்கப்படும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் பாதி உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் ஏறும் நினைப்பில் இருப்பார்கள். உறுப்பினர் பேசுவார், அமைச்சர் ஓர் உறுதிமொழி தருவார், மசோதா திரும்பப் பெறப்படும், இதுதான் நடைமுறை. நாடு விடுதலை பெற்றதிலிருந்து இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள் மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, அவற்றுள் கடைசியானதும் 1970இல் நிறைவேறியது என்னும்போது அந்தப் பிற்பகல்களின் மதிப்பு விளங்கும். திருநர் உரிமைகளுக்காகச் சிவா 2014 டிசம்பர் 12 அன்று அறிமுகப்படுத்திய மசோதா 58 பிரிவுகள் கொண்டது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 விழுக்காடு இட ஒதுக்கீடு, தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும், தனி நீதிமன்றங்கள் என்று விரிவாக எழுதப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்திருந்தது. அரசே ஒரு மசோதா கொண்டுவரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் தாவர்சந்த் கெலாட் கேட்டுக்கொண்டபோது வழக்கப்படி நன்றி கூறி அமர்ந்திருக்கலாம், சிவா மறுத்தார். வாக்கெடுப்பு வரும் என்ற நிலை உருவானபோது அவை முன்னவர் அருண் ஜெட்லி எழுந்து, இப்படிப்பட்ட பொருளில் அவை பிளவுபட்டு நிற்பதாகத் தோன்றக் கூடாது என்ற கருத்தைச் சொல்ல, மசோதா ஒருமனதாக நிறைவேறியது. உணர்ச்சி பொங்கும் உரை எதையும்விட, திரும்பப் பெறமாட்டேன் என்ற அந்த மறுப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதன் பிறகு நடந்ததை வரிசைப்படுத்தித் தந்தவர்கள் தில்லியில் சட்டம் படிக்கும் இரண்டு மாணவியர். சிவாவின் மசோதா, 2016 ஆகஸ்டில் அரசு அறிமுகப்படுத்திய மசோதா, 2018 டிசம்பரில் மக்களவை திருத்தங்களுடன் நிறைவேற்றியது, 2019இல் சட்டமானது ஆகிய நான்கையும் பிரிவு பிரிவாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நின்றது, எது உதிர்ந்தது என்று அவர்கள் தயாரித்த அட்டவணைதான் தொகுப்பின் முதுகெலும்பு. மாநிலங்களவை நிறைவேற்றிய சிவாவின் மசோதா மக்களவையில் தேங்கி, 2019இல் அந்த அவை கலைந்ததும் காலாவதியானது. இட ஒதுக்கீடு அரசின் சட்டத்தில் இல்லை. தனி நீதிமன்றங்களும் இல்லை. அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று, அரசமைப்புச் சட்ட நாளிலேயே அரசின் மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழுவான தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற சிவாவின் தீர்மானம் தோற்றது. தேர்வுக் காலத்திலும் இந்த அட்டவணையைக் கைவிடாத மாணவியர் இருவருக்கும் எங்கள் நன்றி.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் வேலை செய்யும் தோழி ஒருவர், அவர் திருநங்கை, அந்த இயல் முழுவதையும் அச்சுக்கு முன்பு படித்தார். அவை கைதட்டிய பகுதியை ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிட்டு, உதிர்ந்துபோன பிரிவுகளை முழுமையாக அச்சிடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு 2019 சட்டம் விதிக்கும் தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்ற பிரிவைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவரும் அவரே. அப்படியே செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைந்ததைப் பற்றிய பெருமைப் பேச்சை அவர் முன்னிலையில் நாங்கள் அதிகம் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

வேளாண் இயலுக்கு வருகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்ட பின்னர், மார்ச் மாதத்தில் அய்யாக்கண்ணு தலைமையில் தில்லியின் போராட்டக் களமான ஜந்தர் மந்தருக்கு வந்த உழவர்களைத் தில்லித் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய கோரிக்கைகள் அவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்களால் எழுப்பப்பட்ட நாள்களைத் தேடி எடுத்துத் தந்தவர், அந்நாள்களில் போராட்டக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன முனிர்க்கா நண்பர் ஒருவர். அவருக்கு நன்றி.

அரசு ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே விற்பதற்கும் ஒப்பந்தப் பண்ணையத்துக்கும் வழிவிட்ட 2020ஆம் ஆண்டின் மூன்று வேளாண் சட்டங்கள் பற்றிய பகுதிக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. அவற்றுள் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தது செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. விவாதத்தில் திமுக சார்பில் பேசியவர் டி.கே.எஸ். இளங்கோவன், சிவாவின் பங்கு, மசோதாக்களைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானம். அந்தத் தீர்மானங்கள் மீது டிவிஷன், அதாவது ஆதரவையும் எதிர்ப்பையும் எண்ணும் வாக்கெடுப்பு, கேட்கப்பட்டும் கிடைக்கவில்லை. குரல் வாக்கெடுப்பிலேயே எல்லாம் முடிந்தன. டிவிஷன் கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்பது அவையை நடத்திய துணைத் தலைவர் தரப்பின் விளக்கம். தாம் இருக்கையிலிருந்தேதான் கேட்டதாகச் சிவா கூறினார். இரண்டையும் அப்படியே பதிந்திருக்கிறோம். என் கருத்தைக் கேட்டால், இத்தனை கோடிப் பேரைத் தொடும் சட்டத்துக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று எண்ணிப் பார்க்கும் அரைமணி நேரத்தை அவை செலவிட்டிருக்க வேண்டும். பின்னர் சிவா உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். சட்டங்களை நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று நிறுத்திவைத்தது. தில்லி எல்லைகளில் ஓராண்டு நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பர் 29 அன்று இரு அவைகளும் அவற்றைத் திரும்பப் பெற்றன.

சட்ட வாசகத்தை எங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவர், மயூர் விகாரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்த மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஐயா. ஒப்பந்தப் பண்ணையத்தில் தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, கோட்டாட்சியரிடம் போக வேண்டும், அவர் முப்பது நாளில் முடிவு சொல்வார் என்ற பிரிவு வந்ததும் ஐயா சிரித்துவிட்டார். பட்டா மேல்முறையீட்டுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகம் ஒன்றுக்கு நடையாய் நடந்தவர் அவர். “முப்பது நாள்ல கோப்பு மேசையவிட்டு எறங்காதே தம்பி” என்றார். கொள்முதல் நிலைய வாசலில் சம்பா நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் பிரித்துக் கிளறி, மேகம் கறுத்தால் மறுபடி மூடி, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு இறங்கட்டும் என்று ராப்பகலாகக் காத்துக்கிடப்பதை அவர் விவரித்த பின்புதான், குறைந்தபட்ச ஆதார விலையைப் பற்றி அந்தச் சட்டங்கள் ஒரு வரியும் சொல்லாதது ஏன் இவ்வளவு பெரிய அச்சமானது என்று நகரத்திலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு உறைத்தது. அரசு வாங்காவிட்டால் அந்த விலைக்கு வாங்க வேறு ஆள் இல்லை.

பஞ்சாபின் மண்டி எனப்படும் மொத்த விளைபொருள் சந்தை முறையை, அதில் ஆர்தியாக்கள் எனப்படும் கமிஷன் முகவர்களின் இடத்தை விளக்கி, எங்களை உழவர்கள் போராடிய சிங்கு எல்லைக்கும் அழைத்துப்போன பஞ்சாபி அண்டைவீட்டுக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறோம். நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தையும் அவர்களுடைய மண்டியையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு அந்தப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது; அங்கே கோதுமையும் நெல்லும் பெருமளவு மண்டி வழியாகவே அரசுக்குப் போகின்றன.

இச்சட்டங்களை ஆதரித்த நண்பர் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வாங்குவோர் கூடினால் விலை கூடும், சந்தைக் கட்டணம் மிச்சமாகும், ஒப்பந்தம் விளைச்சலைப் பற்றியது மட்டுமே, நிலத்தை அடமானமாகவோ குத்தகையாகவோ எழுதி வாங்கச் சட்டமே தடை விதிக்கிறது என்று அவர் எடுத்துவைத்த வாதங்களை அவருடைய சொற்களிலேயே பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறோம். நிலத்தைப் பற்றிய அந்தத் தடை உண்மையிலேயே சட்டத்தில் இருந்தது. மேடைகளில் அதைப் பலர் சொல்லாமல் விட்டார்கள். அவர் இல்லாதிருந்தால் நூல் ஒருபக்கச் சாய்வாகவே முடிந்திருக்கும்.

தில்லியில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் அச்சடித்துத் தந்த ஓக்லா அச்சகத்தாருக்கும், மெய்ப்புத் திருத்திய ஆசிரியை அம்மாவுக்கும், ஞாயிறு தோறும் தங்கள் கூடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காபியும் போட்டுத் தந்த ஆர்.கே. புரம் குடும்பத்தாருக்கும், அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்ட அனைவருக்கும் நன்றி.

உறுப்பினர் சிவா அவர்களுக்கும் நன்றி, அவருக்கு இம்மடல் எட்டினாலும் எட்டாவிட்டாலும். மீதமிருக்கும் படிகளைக் கேட்பவர்களுக்கு இலவசமாகவே தருகிறோம். உதவியவர்கள் தங்களுக்குரிய படிகளை இன்னும் பெறவில்லையென்றால் வரும் ஞாயிறு கூட்டத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். 2021க்குப் பிந்தைய விவாதங்களைத் தொகுக்க எண்ணியிருப்பதால், அட்டவணை போடத் தெரிந்தவர்கள் அன்று கட்டாயம் வர வேண்டும்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவின் சார்பில்
புது தில்லி